சுக்கானுக்குள் அந்தோனியார்

நான் கட்டிய விமானத்துக்கு முதலில் இரண்டு இடப்பக்கங்கள் இருந்தன. வலப்பக்கம் இருக்கவில்லை. ஒரு மாதம் வேலை முடிந்த பின்னேரங்களையும் சனிக்கிழமைகளையும் செலவழித்து, ஒரு தவறும் விடாமல் இந்தத் தவறைச் செய்து முடித்திருந்தேன்.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்காரலாம், அவ்வளவுதான். துண்டுகள் பெட்டி பெட்டியாக வரும். கூடவே தலையணை மொத்தத்தில் ஒரு கையேடு வரும். மிச்சம் நம் பாடு. முதல் பெட்டியில் வந்தது வால். வாலை உருப்படியாகச் செய்து முடிப்பவன்தான் அடுத்ததாகச் சிறகுக்கு எழுதிப்போடுவான் என்று விற்பவர்களுக்குத் தெரியும். வாலோடு நின்றுபோனவர்கள் ஐரோப்பா முழுக்க இருக்கிறார்களாம்.

எனக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடமாகத் தகரம் வளைத்துக் காற்றுக்குழாய் செய்கிறவன் நான். குழாய்க்குச் சிறகு வைத்தால் விமானம் என்பது என் எண்ணம். நாற்பதாவது பிறந்தநாளுக்கு வேலைத்தலத்துக் கூட்டாளிகள் காசு சேர்த்து என்னை ஒரு சின்ன விமானத்தில் அரை மணி நேரம் ஏற்றிவிட்டார்கள். இறங்கிவந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பிறகு புத்தி கெட்டு, சொந்தமாக ஒன்று செய்தால் என்ன என்று வீட்டில் வாய் திறந்தேன்.

மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஊரில பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடினனாங்கள். நீங்கள் அதைக் கராஜுக்குள்ள கொண்டு வாறன் எண்டுறியள்," என்றாள். ஆனால் மறுநாள் நான் வேலையால் வந்தபோது கார் தெருவில் நின்றது, கராஜ் கூட்டிக் கழுவிக் கிடந்தது. அவளுடைய சம்மதம் எப்போதும் விளக்குமாற்றின் வழியாகத்தான் வரும்.

தேவாலயத்தில் மாதத்தில் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் செய்தி பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு நலம் விசாரிப்பதை விட்டு வாலை விசாரித்தார்கள். ஒருவர், ஊருக்குப் போகும்போது முப்பது கிலோவுக்கு மேலே ஏற்றலாமா என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. தன் பெட்டிகளை அவர் ஏற்கெனவே நிறுத்துப் பார்த்திருந்தார்.

ஜெர்மனியில் வீட்டில் விமானம் செய்யலாம். ஆனால் சும்மா செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் பகுதிக்கு இருந்தவர் ஒரே ஒருவர்தான். எழுபதை நெருங்கியவர், ஒட்டகம்போல உயரம், சட்டைப்பையில் ஒரு சின்ன டோர்ச், பல்வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு பேனை. அவருடைய கையெழுத்து விழுந்தால் அது விமானம். விழாவிட்டால் கராஜில் கிடக்கும் பழைய தகரம். முதல் நாள் வந்து என் வேலை ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, கட்டுமான நாட்குறிப்பு ஒன்று எழுதவேண்டும் என்றார். என்ன செய்தேன், எப்போது செய்தேன், எப்படிச் செய்தேன், எல்லாம். "எல்லாம்" என்பதை அவர் இரண்டு தரம் சொன்னார். எனக்கு ஒருதரம்தான் கேட்டது.

நாட்குறிப்பு எழுதுவதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அதன் வரலாற்றைச் சொல்லவேண்டும். எண்பதுகளின் கடைசியில் நான் இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். முதல் விசாரணையில், எங்கள் கரையில் படகு ஏறியது செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன். பல மாதம் கழித்து நடந்த இரண்டாவது விசாரணையில் புதன்கிழமை என்று சொல்லிவிட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் கலண்டரையும் பிடித்துக்கொண்டா ஓடுவான்? ஆனால் முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அதை மாற்றி எடுக்க மூன்று வருடம் வழக்குப் பேசவேண்டியிருந்தது. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் என் வாழ்க்கையின் மூன்று வருடம் போயிற்று. அன்றிலிருந்து, கடதாசியில் பிழை என்று எதையும் எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். வரி அலுவலகமோ, பிள்ளையின் பள்ளிக்கூடமோ, என் கடதாசிகள் எல்லாம் இஸ்திரி போட்டதுபோல இருக்கும்.

இனி இடப்பக்கங்களின் கதை. விமானத்தின் பின்னால் நிமிர்ந்து நின்று இடமும் வலமுமாகத் திரும்பும் துண்டுக்குச் சுக்கான் என்று பெயர். அதற்கு இரண்டு பெரிய அலுமினியத் தகடுகள். தகடு நெளியாமல் இருக்க அதன் உட்புறத்தில் வரிசையாகப் பட்டிகள் வைத்து ரிவெட் ஆணி அடிக்கவேண்டும். இரண்டு தகடும் புத்தகம்போல ஒன்றையொன்று பார்த்து மூடிக்கொள்ளும். ரிவெட் அடிப்பது தனி ஆளால் முடியாத வேலை. ஒரு பக்கத்தில் நான் காற்றழுத்தத் துப்பாக்கியால் தட்ட, மறுபக்கத்தில் மனைவி ஒரு இரும்புக் கட்டியை ஆணியின் வாலில் அழுத்திப் பிடிப்பாள். மத்தியான ஓய்வு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தட்டினால் அயலவர் விட்டுவைக்கமாட்டார். ஆகவே ஓய்வு முடியும் மூன்று மணிக்குச் சரியாக, துப்பாக்கியோடும் இரும்புக் கட்டியோடும், நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பதியாக இருந்தோம்.

இரண்டு தகடும் முடிந்த நாள் நான் அவற்றைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தேன். மனைவி தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"என்னப்பா, ரெண்டும் ஒரு பக்கமாக் கிடக்கு."

நான் சிரித்தேன். விமானத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும் என்ற சிரிப்பு அது. பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பட்டிகள் உள்ளே இருந்தன, மற்றதன் பட்டிகள் வெளியே நின்றன. திருப்பி வைத்தேன். அப்போதும் அப்படித்தான். ஒரு சப்பாத்துச் சோடி வாங்கி இரண்டும் இடக்காலாக இருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் என்ன? பதினைந்து வருடம் தகரத்தோடு குடும்பம் நடத்தியவன் வாங்கிக் கட்டிய முதல் அடி அது. புதுத் தகட்டுக்கு எழுதிப்போட்டேன். நாட்குறிப்பில், "சுக்கான் தகடுகளின் வேலை திருப்தியாக நடைபெறுகிறது" என்று எழுதினேன்.

பழுதான தகட்டை எறிய மனைவி விடவில்லை. தோட்டத்து வெயிலில் அதைப் போட்டு மோர்மிளகாய் காயவைத்தாள். பட்டிகளுக்கு நடுவே மிளகாய்கள் வரிசை குலையாமல் கிடந்தன. இந்தத் தகடு இதற்கென்றே செய்தது என்று அவள் சொன்னாள். காற்றோட்டமும் நல்லது என்றாள்.

புதுத் தகடு வந்து, இம்முறை நேர்ப்பக்கமாக எல்லாம் முடிந்து, மூடும் கட்டத்தில் பரிசோதகர் வந்து பார்த்தார். டோர்ச்சை அடித்தார், கண்ணாடியை நுழைத்தார், ஒவ்வொரு ரிவெட்டையும் தடவினார். எல்லாம் பிரச்சினையில்லாமல் போனதா என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்து, அடிப்பக்கத்துப் பிணைச்சல் தகட்டைப் பூட்டிவிட்டுச் சுக்கானை மூடலாம் என்றார்.

அந்த அடிப் பிணைச்சலில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. சுக்கான் திரும்புவதற்கு அதுதான் உயிர். அதற்குத் துளை போடும்போது ட்ரில் வழுக்கி, முதல் துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை விழுந்தது. இரண்டும் ஒட்டி, எட்டு என்ற எண்ணைப்போல ஆயிற்று. வட்டத் துளைக்குத்தான் ரிவெட் உண்டு. எட்டுக்கு உலகத்தில் ரிவெட் கிடையாது. நான் ஒரு பெரிய தலையுள்ள ஆணியாகத் தேடி எடுத்து, கீழே ஒரு வாஷரும் வைத்து, அந்த எட்டை மூடி மறைத்தேன். காற்றுக்குழாய் வேலையில் இதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர். கூரைக்கு மேல் போய்விட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

இரும்புக் கட்டியோடு நின்ற மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உந்த ஓட்டையை அவருக்குச் சொல்லுங்கோவன்."

"நீர் சும்மா இரும்," என்றேன். "எழுதினாத்தான் அது பிழை. எழுதாட்டி அது வெறும் ஓட்டை."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்கிறாள் என்பதை இருபது வருடத்துக்குப் பிறகும் நான் படித்திருக்கவில்லை. இரண்டு நாளில் சுக்கானை மூடினோம். சனிக்கிழமை உட்கார்ந்து அந்த வாரம் முழுவதற்குமான நாட்குறிப்பைக் குண்டு எழுத்தில் எழுதினேன். எட்டு என்ற எண்ணே அதில் எங்கும் வரவில்லை.

ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை பரிசோதகர் திரும்பி வந்தார். அன்று வாலுக்கு இறுதிக் கையெழுத்து. அது கிடைத்தால் சிறகுக்கு எழுதிப்போடலாம். கிடைக்காவிட்டால் நானும் வாலோடு நின்றுபோனவர்களில் ஒருவன். மனைவி மீன் றோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். அவர் தோட்டத்து வழியாக வந்தார். மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் குனிந்து நின்றார். பிறகு உள்ளே வந்து, நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கம் பக்கமாக வாசித்தார். ஒரு றோல்ஸ் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. நாட்குறிப்பும் முடிந்தது. அழகான கையெழுத்து என்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு எழும்பிப்போய், மேசையில் கிடந்த சுக்கானை இரண்டு கையாலும் தூக்கி, காதோடு வைத்து மெதுவாக ஆட்டினார்.

உள்ளே கிலுங்கிற்று.

அவர் மறுபக்கம் சரித்தார். மேலிருந்து கீழே ஏதோ ஓடிவந்து டிங் என்று நின்றது. எந்த ஆணி கழன்றது, எந்த வாஷர் விழுந்தது என்று மனம் ஓடியது. அப்படி எதுவும் விழ வாய்ப்பில்லை, நான் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தேன் என்று சொன்னேன். கிலுங்குகிறதே என்று அவர் சொன்னார். அதற்குமேல் வாதாட இடமிருக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒரு அழுக்கும் இல்லை.

அடி மூடியின் ஆணிகளைத் துளைத்து எடுக்க அரை மணி பிடித்தது. சுக்கானை நிமிர்த்திப் பிடித்ததும் மேசையில் விழுந்தது ஒரு சின்ன அலுமினியப் பதக்கம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய பதுவை அந்தோனியார். எங்கள் வீட்டுச் சாவிக் கொத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் காணாமல் போனவர். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று எங்கள் ஆட்கள் நேர்ந்துகொள்ளும் அந்தோனியாரையே தொலைத்துவிட்டோம் என்று நான் அப்போது பகிடி விட்டிருந்தேன்.

பரிசோதகர் பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார்.

"நான்தான் போட்டனான்," என்றாள் மனைவி, தமிழில், என்னைப் பார்த்து. "நீங்கள் ஓட்டையை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு நிண்டீங்கள். நான் வேற ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

பிறகு அதையே ஜெர்மன் மொழியில் அவருக்கும் சொன்னாள். அவளுடைய ஜெர்மன் அன்றைக்கு என்றுமில்லாதபடி தெளிவாக இருந்தது. ஓட்டைக்கான சொல்லை எங்கே படித்தாளோ தெரியாது.

அவர் கண்ணாடியையும் டோர்ச்சையும் உள்ளே விட்டார். அதிக நேரம் தேடவில்லை. அந்தோனியார் விழுந்து கிடந்த இடத்துக்கு நேரே மேலேதான் அந்தப் பெரிய தலையுள்ள ஆணி இருந்தது. அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வாஷரை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எட்டு வெளிச்சத்துக்கு வந்தது. நான் ஒளித்ததை அந்தோனியார் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய உத்தியோகம்.

பரிசோதகர் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். இவ்வளவுதான், மூன்று வருடம் வழக்கு, அல்லது வால் மிளகாய்க்கு என்று நினைத்தேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. இந்த ஓட்டைக்கு ஒரு மேலதிகத் தகடு வைத்தால் சரி, அரை நாள் வேலை என்றார். பிறகு நாட்குறிப்பைத் தட்டினார்.

"இதற்குத்தான் என்னால் கையெழுத்து வைக்க முடியாது. இதில் ஒரு பிழைகூட இல்லை. தோட்டத்தில் மிளகாய் காயும் தகடு எந்த விமானத்துடையது?"

நான் தரையைப் பார்த்தேன். எல்லோரும் இரண்டு இடப்பக்கம் செய்வார்கள் என்று அவர் சொன்னார். தானும் செய்தாராம், அதுவும் இரண்டு தரம். அந்தக் கதை இல்லாத நாட்குறிப்பைக் கண்டதுமே, இவன் மற்றவற்றையும் சொல்லமாட்டான் என்று விளங்கிவிட்டதாம். அதனால்தான் ஆட்டிப் பார்த்தாராம்.

அலுவலகங்களுக்குப் பிழைகளை எழுதிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன். அதை எப்படிச் சொன்னேனோ, குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில், வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் அலுவலகம் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக்," என்றார் அவர்.

அந்தோனியாரைப் பற்றியும் ஒரு தீர்ப்புச் சொன்னார். திரும்புகிற துண்டுக்குள் கழன்ற பொருள் இருக்கக்கூடாது, அது புனிதராக இருந்தாலும். வேண்டுமானால் இருக்கைக்கு முன்னால் ரிவெட் அடித்து, எடையையும் எடைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மனைவி உடனே சமையலறைத் தராசைக் கொண்டுவந்தாள். இரண்டு கிராம் என்று காட்டியது. கெடுதல் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர் றோல்ஸ் ஒன்று குறைத்துச் சாப்பிட்டால் சரி என்று சொல்லி, அவர் மூன்றாவதை எடுத்தார்.

பிறகு நாட்குறிப்பில் வெறும் பக்கம் ஒன்றைத் திருப்பி என் பக்கம் தள்ளி, பேனையையும் தந்தார். எழுதத் தொடங்கினேன். இரண்டு இடப்பக்கங்கள். ஒரு சுருண்ட பட்டி. மூன்று நசுங்கிய ஆணிகள். ஒருமுறை மனைவியின் விரல். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது, எனக்கே ஆச்சரியம். கடைசியாக எட்டு. என்ன நடந்தது என்று எழுதினேன். எப்படிச் சரிசெய்யப்போகிறேன் என்று எழுதினேன். திகதிக்குரிய கட்டத்தில் கை நின்றுவிட்டது.

எந்த நாள்? காலை வேலை முடிந்து வந்த பின்னேரம். மழை பெய்தது. அதற்குமேல் ஞாபகம் வரவில்லை. அந்த வாரத்தை நான் சனிக்கிழமை உட்கார்ந்து ஒன்றாக எழுதி அழகுபடுத்தியிருந்தேன். இப்போது ஏதாவது ஒரு நாளை எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் பேனைக்காகக் காத்திருக்கும் ஒரு ஜெர்மன்காரர். இந்தப் பக்கத்தில் நான்.

"நாள் சரியாகத் தெரியாது," என்றேன். "செவ்வாய். அல்லது புதன்."

"அப்படியென்றால் அப்படியே எழுதுங்கள்," என்றார்.

செவ்வாய் அல்லது புதன் என்று எழுதினேன். அவர் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார், மேலிருந்து கீழே வாசித்தார், அந்த வரியிலும் நிற்காமல் வாசித்தார், அடியில் கையெழுத்து வைத்தார். மேலதிகத் தகடு வைத்ததும் கூப்பிடச் சொன்னார்.

மனைவி அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். கோப்பை நிரம்பி, தட்டில் வழிந்து, மேசைக்கு வந்த பிறகும் ஊற்றிக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. அதை மட்டும் நாட்குறிப்பில் எழுதவில்லை.